விடுமுறை நடுவில் வந்த வேலைச் செய்தி: அன்றே சொல்லியிருக்க வேண்டாமா?

#1 ஈரத்துணி

இத்தனை நாள் இங்கே படிப்பதோடு சரி, எழுதியதில்லை. இன்று யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் போலிருக்கிறது. வீட்டில் வாயைத் திறந்தால் இரண்டு பக்கமும் பெரியவர்கள் பஞ்சாயத்துக்கு உட்கார்ந்துவிடுவார்கள்.

இந்தக் கோடையில் மூன்று பயணம் போனோம். முதலாவது அவர் வீட்டாரோடு. மாமனார், மாமியார், இரண்டு நாத்தனார்கள், அவர்கள் கணவர்மார், பிள்ளைகள் என்று 13 பேர், இரண்டு வேன், 6 நாள். இரண்டாவது என் அப்பா அம்மாவோடு 3 நாள். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, எல்லோரும் நன்றாகத் தூங்கினோம். மூன்றாவதுதான் நாங்கள் இருவர் மட்டும், ஏரிக்கரையில் டென்ட் போட்டு 4 இரவு. கல்யாணமாகி ஏழு வருஷத்தில் இருவர் மட்டும் போன முதல் பயணம். டென்ட், ஸ்லீப்பிங் பேக், சின்ன அடுப்பு எல்லாமே புதிது.

மூன்றாம் இரவு மழை பிடித்துக்கொண்டது. 2 மணி இருக்கும். டென்ட் ஒழுகி என் தலைமாட்டில் சொட்டியது. டார்ச் அடித்து எங்கே ஓட்டை என்று தேடிக்கொண்டிருந்தேன். அவர் மல்லாந்து படுத்தபடி, "எங்க டீமை மூடுறாங்களாம்" என்றார். அடுத்த மாதக் கடைசியோடு வேலை இல்லை. மெயில் வந்துவிட்டது.

எப்போது வந்தது என்று கேட்டேன். முதல் பயணத்தின் இரண்டாம் நாளாம்.

விரல்விட்டு எண்ணினேன். 19 நாள். நடுவில் ஒரு வாரம் ஆஃபீஸுக்கு வேறு போய் வந்தார். சாயங்காலம் வந்து, இன்றைக்கு எப்படிப் போனது என்றால், "எப்பவும் போலத்தான்" என்பார்.

அந்த இரண்டாம் நாள் எடுத்த போட்டோதான் என் போனில் முகப்புப் படமாக இருந்தது. சின்ன நாத்தனார் மகள் அவர் தோளில் உட்கார்ந்து இரண்டு காதையும் பிடித்துக்கொண்டிருப்பாள். அவர் கண்ணை இடுக்கிக்கொண்டு சிரிப்பார். போட்டோ எடுத்த நேரம் மாலை 5.10. மெயில் வந்த நேரம் 3.40. படத்தை மாற்றிவிட்டேன்.

வேலை போனதில் பயம் இருக்கிறது, கோபம் இல்லை. கோபமெல்லாம் அந்த 19 நாளின் மேல்தான். "உன் சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாம்னு பார்த்தேன்" என்கிறார். நான் எத்தனை நாள் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று இவர் எப்படி முடிவு செய்யலாம்? நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

#2 மேகமூட்டம்

நான் உங்கள் வீட்டுக்காரர் கட்சி. இரண்டாம் நாளே சொல்லியிருந்தால் மீதி 4 நாளும் வேனுக்குள் 13 பேரும் துக்கம் விசாரித்துக்கொண்டு போயிருப்பீர்கள். வேலை எப்படியும் போகத்தான் போகிறது. 19 நாள் முன்னால் தெரிந்து நீங்கள் என்ன கிழித்திருக்கப் போகிறீர்கள்? தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் தனியாகச் சுமந்தார், நீங்கள் நிம்மதியாக இருந்தீர்கள். என் அகராதியில் இதற்குப் பெயர் அன்பு.

#3 கோப்புக்காரி

மேகமூட்டம், என்ன கிழித்திருக்கலாம் என்று நான் சொல்கிறேன். 15 வருஷம் பணியாளர் பிரிவில் இருந்தவள்.

ஆள் குறைப்பு மெயில் என்றால் அதில் தேதிகள் இருக்கும். நோட்டீஸ் காலம் எந்த நாளிலிருந்து கணக்கு, ஒப்புதல் படிவத்தில் எந்த நாளுக்குள் கையெழுத்து, மீதமுள்ள லீவுக்குக் காசு உண்டா, குடும்பத்துக்கான மருத்துவக் காப்பீடு கடைசி வேலை நாளோடு முடிகிறதா அல்லது மாதக் கடைசி வரை ஓடுமா. சட்டம் இடத்துக்கு இடம் வேறு. ஆனால் இந்தத் தேதிகளைப் பார்க்காமல் விட்டால் எங்கேயும் நஷ்டம்தான். பல கம்பெனிகளில் டீமை மூடும்போது, வேறு பிரிவில் காலியிடம் இருந்தால் கேட்டுக்கொள்ள ஒரு படிவமும் கொடுப்பார்கள். அதற்கும் ஒரு கெடு இருக்கும்.

ஈரத்துணி, மூன்று விஷயம் உடனே கேளுங்கள். ஏதாவது கையெழுத்துப் போட்டாரா? மெயிலோடு வந்த இணைப்பை முழுதாகப் படித்தாரா? வங்கி, காப்பீடு, பிள்ளைகள் பள்ளி எதிலாவது ஆஃபீஸ் மெயில் முகவரியைக் கொடுத்து வைத்திருக்கிறாரா? கடைசி நாள் அந்த முகவரி மூடியதும் பலர் தங்கள் கணக்குக்குள்ளேயே நுழைய முடியாமல் முழித்ததைப் பார்த்திருக்கிறேன்.

அன்பு, கோபம் எல்லாம் அப்புறம்.

#4 பழையமுளை

தங்கச்சி, குடும்ப விஷயத்தில் நான் தலையிடவில்லை. டென்ட் ஒழுகியது என்று எழுதியிருக்கிறாய் பார், அதில் எனக்குச் சந்தேகம். புது டென்ட் முதல் மழையில் ஒழுகுவது அபூர்வம். சொட்டிய இடம் தையலா, நடுத் துணியா? உள்பக்கம் முழுக்க ஈரமாக இருந்ததா, ஒரே இடத்திலா? காற்றுப்போக்கு ஜன்னல்கள் திறந்திருந்தனவா?

#5 ஈரத்துணி

கோப்புக்காரி அக்கா, கேட்டேன். கையெழுத்து எதுவும் போடவில்லை. இணைப்பைப் படித்தீர்களா என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. முதல் பத்தியைப் படித்து மூடியவர் அதற்கப்புறம் அந்த மெயிலைத் திறக்கவே இல்லையாம். இருவரும் உட்கார்ந்து திறந்தோம். இரண்டாம் பக்கத்தில் நீங்கள் சொன்ன அதே படிவம். கெடு 14 நாள். முடிந்து 8 நாள் ஆகிறது.

நான் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தேன்.

பழையமுளை ஐயா, உள்ளே எல்லாப் பக்கமும் ஈரம்தான். கையால் தடவினால் வழிந்தது. குளிருகிறது என்று நான்தான் எல்லா ஜன்னலையும் ஜிப் போட்டு மூடச் சொன்னேன்.

#6 கோப்புக்காரி

கெடு முடிந்தாலும் எழுதச் சொல்லுங்கள். இன்றே. "விடுமுறையில் இருந்ததால் கவனிக்கத் தாமதமாகிவிட்டது, இப்போதும் பரிசீலிக்க முடியுமா" என்று இரண்டு வரி போதும். கதை எழுத வேண்டாம். இடம் நிரம்பாமல் இருந்தால் கெடுவைத் தளர்த்துவது நடக்கிறதுதான். நிரம்பியிருந்தால் முடியாது என்பார்கள், அவ்வளவுதானே.

#7 மேகமூட்டம்

சரி, அந்தப் படிவ விஷயத்தில் என் வாதம் அடிபட்டுப்போனது. ஒப்புக்கொள்கிறேன். மெயிலைத் தான் படிக்கலாம், மனைவியிடம் சொல்லத்தான் வேண்டாம் என்பது என் கட்சி. இவர் தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

#8 பழையமுளை

நினைத்தேன். அம்மா, அது ஒழுகல் இல்லை. நீங்கள் இருவரும் விட்ட மூச்சு.

இரண்டு பேர் ஒரு ராத்திரி தூங்கி எழுந்தால் மூச்சிலும் வியர்வையிலுமாகக் கால் லிட்டருக்கு மேல் தண்ணீர் காற்றில் கலந்திருக்கும். வெளியே மழையில் துணி குளிர்ந்து கிடக்கிறது. உள்ளே வெதுவெதுப்பான ஈரக்காற்று. அது குளிர்ந்த துணியில் பட்டதும் முத்து முத்தாகப் பூக்கும், காற்றில் துணி ஆடினால் சொட்டும். ஏரிக்கரையில் இது இன்னும் அதிகம். தண்ணீரின் ஈரம் ஒரு பக்கம், பள்ளத்தில் வந்து தங்கும் குளிர்காற்று இன்னொரு பக்கம். கரையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி, கொஞ்சம் மேடாகப் பார்த்துப் போட்டிருந்தால் பாதி குறைந்திருக்கும்.

குளிர்கிறது என்று ஜன்னலை மூடுவது எல்லோரும் செய்யும் தப்பு. மேல் ஜன்னலும் கீழ் ஜன்னலும் நாலு விரல் திறந்திருக்க வேண்டும். குளிருக்குப் பரிகாரம் முதுகுக்கு அடியில்தான் இருக்கிறது. படுத்த உடம்பின் சூட்டைத் தரைதான் உறிஞ்சும், ஸ்லீப்பிங் பேக்கின் பஞ்சு முதுகுக்கு அடியில் நசுங்கிப்போவதால் அங்கே அது வேலை செய்யாது. அதனால் மேட் நல்லதாக இருக்க வேண்டும். மேட்டில் ஆர்-மதிப்பு என்று ஓர் எண் போட்டிருப்பார்கள், அது எவ்வளவு அதிகமோ அவ்வளவு சூடு காக்கும். ஸ்லீப்பிங் பேக்கில் இரண்டு எண் இருக்கும். ஒன்று வசதியாகத் தூங்கக்கூடிய குளிர். இன்னொன்று சுருண்டு படுத்து எப்படியோ சமாளிக்கக்கூடிய குளிர். கடைக்காரர்கள் இரண்டாவதைத்தான் பெரிதாக அச்சடிப்பார்கள். வாங்கும்போது முதலாவதைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. கீழே விரிப்பு போட்டிருப்பீர்களே, அதன் ஓரம் டென்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்ததா? இருந்தால் மழைத் தண்ணீரைப் பிடித்து நேராக உங்கள் முதுகுக்கு அடியில் கொண்டு வந்து ஊற்றும்.

#9 ஈரத்துணி

நீட்டிக்கொண்டுதான் இருந்தது ஐயா. அழகாக இருக்கிறது என்று நினைத்தேன், வாசல் திண்ணை மாதிரி.

நல்லவேளை, மழை வலுத்ததும் உள்ளே அடுப்பைப் பற்ற வைத்துக் குளிர் காயலாம் என்று சொன்னேன். அடுப்பு காரில் இருந்தது, எடுக்கப் போகச் சோம்பல்.

#10 பழையமுளை

அந்தச் சோம்பலுக்குக் கோடி கும்பிடு போடு!

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. டென்டுக்குள் அடுப்பு, கரி, எதுவுமே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் போய் ஒட்டிக்கொள்ளும். லேசாகத் தலைவலிக்கும், தூக்கம் வரும். களைப்பு என்று நினைத்துத் தூங்கினால் எழுந்திருக்க மாட்டீர்கள். தணல் அணைந்த மாதிரி தெரியும் கரிகூட மணிக்கணக்கில் அதை விட்டுக்கொண்டே இருக்கும். சமைத்து முடித்த கரிச்சட்டியைக் கதகதப்புக்காக உள்ளே இழுத்து வைத்துப் போய்ச் சேர்ந்தவர்கள் உண்டு.

இடி இருந்ததா? இருந்திருந்தால் டென்டுக்குள் இருந்ததே தப்பு. டென்ட் துணி மின்னலுக்கு எந்தக் காப்பும் இல்லை. மின்னல் கண்ணில் பட்டதிலிருந்து இடி கேட்கும் வரை விநாடி எண்ணுங்கள், மூன்றுக்கு ஒரு கிலோமீட்டர். 30-க்குள் வந்தால் சுமார் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, எழுந்து காருக்குள் போய் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் கழித்துத்தான் வெளியே வரலாம். தனியாக நிற்கும் உயரமான மரத்தடி வேண்டவே வேண்டாம்.

#11 நெறியாளர்

பழையமுளை ஐயா, டென்ட் பற்றித் தனி இழையே இருக்கிறது. மேலே உள்ள இரண்டு பதிவுகளும் உயிர் காக்கிற சங்கதி என்பதால் விட்டுவைக்கிறேன். முளை எந்தக் கோணத்தில் அடிப்பது என்று ஆரம்பித்தால் நகர்த்திவிடுவேன்.

#12 பழையமுளை

45 டிகிரி, தலை டென்டுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். இனிமேல் பேசவில்லை.

#13 அரைகுறை ஆராய்ச்சி

இந்த இழைக்கென்றே செய்த மாதிரி ஒரு பட்டியல் இருக்கிறது. ஹோம்ஸ், ராஹே என்று இரண்டு மருத்துவர்கள் 1967-இல் வெளியிட்டது. வாழ்க்கையில் நடக்கும் மாற்றங்களுக்கு எவ்வளவு அலைச்சல் என்று மதிப்பெண் போட்டார்கள். துணையின் மரணம் 100. கல்யாணம் 50. வேலை நீக்கம் 47. வேலையில் பொறுப்பு மாறுவது 29. மாமியார் வீட்டாரோடு உரசலும் அதே 29. தூக்கப் பழக்கம் மாறுவது 16. குடும்பத்தார் கூடும் எண்ணிக்கை மாறுவது 15. விடுமுறைக்குப் போவது 13!

ஆமாம், விடுமுறைக்கும் மதிப்பெண் உண்டு. ஈரத்துணி வீட்டில் ஒரே கோடையில் மூன்று விடுமுறை, வேலை நீக்கம், 13 பேர் கூட்டம், டென்டில் தூக்கம். கூட்டிக்கொள்ளுங்கள்.

#14 மேகமூட்டம்

மாமியார் வீட்டு உரசலுக்கு வெறும் 29 போட்டவர்கள் அந்த வேனில் ஏறியதில்லை.

ஆனால் இப்படிக் கூட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கல்யாணத்துக்கு 50 என்று முதலில் அவர்களே வைத்துக்கொண்டு, அதோடு ஒப்பிட்டு மற்றதற்கெல்லாம் எண் போடும்படி 394 பேரைக் கேட்டார்கள். அந்த 394 பேருடைய மனசு அது. ஒருவருக்கு வேலை போவது விடுதலையாக இருக்கும்.

#15 அரைகுறை ஆராய்ச்சி

ஒப்புக்கொள்கிறேன், அது தெர்மாமீட்டர் இல்லை. இருந்தாலும் நல்ல மாற்றம், கெட்ட மாற்றம் இரண்டையும் ஒரே பட்டியலில் வைத்தார்கள் பாருங்கள், அது எனக்குப் பிடித்தது. பொறுப்பு மாற்றத்துக்கு 29 என்றால் பதவி உயர்வும் அதில் அடக்கம்.

இன்னொன்று, மேகமூட்டம் அடிக்கடி சொல்லும் "நிம்மதியான நாட்கள்" பற்றி. நெதர்லாந்தில் ஜெசிகா டி ப்ளூமும் குழுவினரும், நீண்ட விடுமுறை போன 54 ஊழியர்களைப் பயணத்தின்போதும் திரும்பி வந்த பின்பும் கேட்டுப் பார்த்தார்கள். மனநிலை ஏறி ஏறி 8-ஆம் நாள் வாக்கில் உச்சிக்குப் போகிறது. வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்திலேயே பழைய இடத்துக்கு இறங்கிவிடுகிறது. ஆக, அவர் காப்பாற்றிக் கொடுத்த சந்தோஷம் எப்படியும் அந்த வாரத்தோடு முடிந்திருக்கும்.

#16 இன்னும் பேச்சிலர்

எனக்கு ஒன்று புரியவில்லை. விடுமுறையில் ஆஃபீஸ் மெயிலை ஏன் பார்க்க வேண்டும்? பிரான்ஸில் வேலை நேரத்துக்கு வெளியே தொடர்பிலிருந்து விலகி இருக்கும் உரிமையை 2017 முதல் சட்டத்திலேயே சேர்த்துவிட்டார்கள். சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறையை எல்லாத் தொழிலாளர்களுக்கும் 1936-லேயே கொடுத்த நாடு. போனை அணைத்துப் பெட்டியில் போட்டிருந்தால் இந்த இழையே இல்லை.

#17 கோப்புக்காரி

தம்பி, போனை அணைத்தால் கெடு நிற்குமா? 14 நாள் கெடு பெட்டிக்குள்ளும் ஓடும்.

விடுமுறையில் இருப்பவருக்கு அப்படியொரு மெயிலை அனுப்பிய மேலாளரைத்தான் கேட்க வேண்டும். திரும்பி வந்ததும் கூப்பிட்டு உட்கார வைத்து முகத்தைப் பார்த்துச் சொல்வதுதான் முறை. நானே சிலருக்கு அப்படிச் சொல்லியிருக்கிறேன். கஷ்டமான வேலை. மெயில் அனுப்புவது சுலபம்.

#18 பின்சீட்டு

இரண்டு நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டு எழுதலாமா வேண்டாமா என்றிருந்தேன்.

நானும் மறைத்தவன். 11 நாள். அதுவும் குடும்பப் பயணம்தான். மெயில் வந்தபோது எல்லோரும் ஒரே அறையில் இருந்தார்கள். பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுப் படித்தேன். மூன்று தடவை. வாளி நிரம்பி வழிகிறது, மூடத் தோன்றவில்லை. வெளியே என் அப்பா, "தண்ணியை ஏண்டா வீணாக்குற" என்று கத்தினார். கதவைத் திறந்து வெளியே வந்து, அடுத்து எங்கே போகலாம் என்று கேட்டேன்.

மனைவியின் சந்தோஷத்துக்காக மறைத்தேன் என்றுதான் நானும் சொன்னேன். பொய் என்று சொல்ல மாட்டேன், பாதிதான் உண்மை. வாய்விட்டுச் சொன்னால் நிஜமாகிவிடும் என்று இருந்தது. சொல்லாத வரைக்கும் அது போனுக்குள் இருக்கும் ஒரு மெயில் மட்டும்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. அந்தப் பயணத்தில் அவளிடம் தனியாகப் பேச ஓர் இடமே இல்லை. ஒருத்தியிடம் சொன்னால் எல்லோரிடமும் சொன்ன மாதிரி. அவள் முகம் மாறும், என் அம்மா கண்டுபிடிப்பாள், அரை மணியில் என் தங்கை கணவர் வந்து தோளில் தட்டி, அவருக்குத் தெரிந்த ஒருவரைப் பற்றிச் சொல்வார். அந்தத் தட்டலை நினைத்தால்தான் எனக்குக் கை நடுங்கியது.

தங்கை, உன் கணவர் வேனில் சொல்லவில்லை. பெரியவர்கள் வீட்டில் சொல்லவில்லை. நீங்கள் இருவர் மட்டும் இருந்த இடத்தில், அதுவும் மூன்றாம் ராத்திரிதான், சொல்ல முடிந்திருக்கிறது. நடுவில் வீட்டில் இருந்த ஒரு வாரத்துக்கு என்னிடமும் பதில் இல்லை.

#19 ஈரத்துணி

பின்சீட்டு அண்ணா, உங்கள் பதிவை நாலு தடவை படித்தேன். மெயில் வந்த அன்று இவரும் ரொம்ப நேரம் பாத்ரூமில் இருந்தார். வயிறு சரியில்லையா என்று நான் கதவைத் தட்டினேன். மாத்திரை தரட்டுமா என்று கேட்டேன்.

அந்த ஒரு வாரத்தைப் பற்றியும் கேட்டேன். ஒவ்வொரு நாளும் படியேறும்போது சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பாராம். நான் டென்ட் பெட்டியைப் பிரித்து வைத்துக்கொண்டு கம்பிகளைக் கோத்துப் பழகிக்கொண்டிருப்பேனாம். உண்மைதான், ஹாலில் மூன்று தடவை கட்டிப் பிரித்தேன்.

இப்போது நான் ஒன்று சொல்ல வேண்டும். சொன்னால் என்னைத் திட்டுவீர்கள்.

ஏரிக்குக் கிளம்பிய அன்று காலை, அவர் காரில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோது என் மேலாளர் போன் செய்தார். எனக்குப் பதவி உயர்வு. ஆனால் வேறு ஊர்க் கிளையில். குடும்பத்தோடு பேசிவிட்டு வரும் வெள்ளிக்குள் பதில் சொல்லச் சொன்னார். பயணம் முடிந்து நிதானமாகச் சொல்லலாம் என்று நினைத்தேன். இப்போது சொன்னால் 4 நாளும் வீடு, பள்ளி, மாமியார் என்று அதே பேச்சாக இருக்கும், ஏரியை யார் பார்ப்பது என்று தோன்றியது.

அப்புறம் மூன்றாம் ராத்திரி அவர் அதைச் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் எப்படிச் சொல்வது? இன்னும் சொல்லவில்லை. இன்று புதன்.

#20 மேகமூட்டம்

அடேயப்பா!

#21 கோப்புக்காரி

ஈரத்துணி, உங்களைத் திட்ட எனக்கு நேரமில்லை. இன்றே சொல்லுங்கள். வெள்ளி வரை இரண்டு நாள்தான் இருக்கிறது, அதில் அவருக்கும் யோசிக்க ஒரு நாளாவது வேண்டும். அங்கே போகும் செலவைக் கம்பெனி ஏற்குமா, கொஞ்ச காலம் வீடு பார்க்க அவகாசம் உண்டா, கூடுதல் அவகாசம் ஒரு வாரம் கிடைக்குமா என்று மேலாளரிடம் கேளுங்கள். பதவி உயர்வு கொடுக்கிறவர்கள் ஒரு வாரத்துக்கு முகம் சுளிக்க மாட்டார்கள்.

அவர் வேலை போவதும் நீங்கள் ஊர் மாறுவதும் ஒரே மாதத்தில் வருவது கெட்ட நேரம் என்று நினைக்கிறீர்கள். இரண்டு பேரும் வேலையில் இருக்கும்போது இந்தப் போன் வந்திருந்தால் யார் வேலையை விடுவது என்று ஒரு சண்டை வந்திருக்கும். நான் எத்தனை பேர் பதவி உயர்வை அதனாலேயே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன் தெரியுமா? பெரும்பாலும் பெண்கள்.

#22 மேகமூட்டம்

நான் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். அவர் 19 நாள் மறைத்தது தப்பு என்றால் நீங்கள் மறைப்பது எந்தக் கணக்கு? நல்ல செய்தி என்பதால் பரவாயில்லையா?

#23 ஈரத்துணி

பரவாயில்லை என்று நான் எங்கே சொன்னேன்? ஒரு வாரமாக எனக்குத் தூக்கம் இல்லை. அவர் எப்படி 19 நாள் தூங்கினார் என்று கேட்டு எழுத வந்தவள் நான்.

#24 பின்சீட்டு

அவர் தூங்கியிருக்க மாட்டார் தங்கை.

#25 இன்னும் பேச்சிலர்

ஒரு யோசனை. இந்த இழையையே அவரிடம் காட்டிவிடுங்களேன்.

#26 கோப்புக்காரி

வேண்டவே வேண்டாம். நாம் எல்லோரும் அவருக்கு முன்னாலேயே படித்துவிட்டோம் என்று தெரிந்தால் நன்றாகவா இருக்கும்? அந்த வேன் கதைதான் மறுபடி.

#27 பழையமுளை

நெறியாளர் மன்னிக்கவும், ஒரே ஒரு டென்ட் கேள்வி. ஈரமாக மடித்த டென்டைக் காயப்போட்டீர்களா இல்லையா? இன்றோடு எத்தனை நாள் பைக்குள் இருக்கிறது? ஒரு நாள், இரண்டு நாள் தாண்டினாலே பூஞ்சை வரும். கரும்புள்ளி விழுந்தால் அந்தக் கறை போகாது, உள்ளே இருக்கும் நீர்காப்புப் பூச்சும் உரியும். தனியாக அதைப் பிரித்துக் காயப்போட முடியாது, இரண்டு பேர் வேண்டும்.

#28 நெறியாளர்

இது டென்ட் கேள்விதானா என்று எனக்கே தெரியவில்லை. இருக்கட்டும்.

#29 ஈரத்துணி

ஐயோ, மறந்தே போனது! கார் டிக்கியிலேயே இருக்கிறது.

#30 ஈரத்துணி

வியாழன் காலை. நேற்று சாயங்காலம் டென்டை மாடிக்குக் கொண்டுபோனோம். பையைத் திறந்ததும் ஒரு வாடை. ஆளுக்கொரு பக்கம் பிடித்து உதறிக் கொடியில் போட்டோம். நடுவில் துணி தொங்கியதால் அவர் கால் மட்டும் எனக்குத் தெரிந்தது. அப்படியே சொல்லிவிட்டேன். முகத்தைப் பார்த்திருந்தால் சொல்லியிருக்க முடியாது.

பதில் இல்லை. அவர் கால்கள் நகரவில்லை. அப்புறம், "போன் எந்த நாள் வந்தது?" என்றார்.

அதே கேள்வி! ஏரிக்குக் கிளம்பிய அன்று என்றேன். "நான் சாமான் ஏத்திட்டு இருந்தப்போ ஒதுங்கிப் போய்ப் பேசினியே, அதுவா? உங்க அம்மான்னு நினைச்சேன்" என்றார். அப்புறம் துணிக்கு அந்தப் பக்கமிருந்து சிரிக்கிற மாதிரி கேட்டது. போய்ப் பார்த்தேன். சிரிக்கவில்லை.

ராத்திரி வெகுநேரம் பேசினோம். கொஞ்சம் சண்டையும் போட்டோம், அது இங்கே வேண்டாம். என் மேலாளரிடம் ஒரு வாரம் கேட்டிருக்கிறேன், தருவதாகச் சொல்லிவிட்டார். அவர் படிவத்தைக் கெடு தாண்டியே அனுப்பிவிட்டார், பதில் வரவில்லை. போவதாக இருந்தால் அவருக்கு அந்த ஊரிலேயே தேட வேண்டும். போவதா என்று இன்னும் முடிவாகவில்லை. பெரியவர்களிடம் ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்து சொல்லப் போகிறோம், ஒரே மூச்சில் இரண்டையும். எதை முதலில் சொல்வது என்பதில் எங்களுக்குள் ஒத்துவரவில்லை.

#31 மேகமூட்டம்

கெட்டதை முதலில். சந்தேகமே வேண்டாம்.

#32 பின்சீட்டு

நல்லதை முதலில். இல்லாவிட்டால் இரண்டாவது அவர்கள் காதில் விழாது.

#33 பழையமுளை

டென்டில் கரும்புள்ளி இருந்ததா?

#34 ஈரத்துணி

மூலையில் நாலு புள்ளி, ஐயா. வெதுவெதுப்பான தண்ணீரும் பஞ்சும் வைத்துத் துடைத்தோம், லேசாக மங்கியிருக்கிறது. முளை 12-க்கு 11 தான் இருக்கிறது. இருட்டில் பிடுங்கியபோது ஒன்று மண்ணிலேயே போயிருக்கும். அது உன் பக்கத்து முளை என்கிறார். என் பக்கத்து 6-ஐயும் எண்ணிப் பையில் போட்டது நான்.